பிராஞ்ச் அண்ணனும் அமெரிக்காவிலிருந்து வந்த வேலையும்

திருவண்ணாமலையில் எந்த வீட்டுப் பிள்ளை மெக்கானிக்கல் படிக்க வேண்டும், எந்த வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்பதைப் பல வருடங்கள் தீர்மானித்தவர், செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பிராஞ்ச் அண்ணன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அவர் சொன்னது ஒருமுறையாவது பலித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் மே மாதம் பிறந்துவிட்டால் அவர் கடை வாசலில் நிற்கும் கூட்டம் எந்த ஜோசியர் வீட்டிலும் நிற்காது.

எதிரே யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னா பிராஞ்ச்?" என்பதுதான். பெயர், ஊர், சௌக்கியம் எல்லாம் அப்புறம். ஒருமுறை புதிதாக மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜர் மலையைச் சுற்ற சைக்கிள் கேட்டு வந்தார்.

"இன்னா பிராஞ்ச் சார்?"

"திருவண்ணாமலை பிராஞ்ச்தான்."

"அது இல்லிங்க. நீங்க படிச்ச பிராஞ்ச்."

"பி.காம்."

பிராஞ்ச் அண்ணன் அவரைக் கொஞ்ச நேரம் பரிவோடு பார்த்தார். "பரவால்ல சார். வேல கெடச்சிடுச்சில்ல" என்று சொல்லி, பிரேக் நன்றாகப் பிடிக்கும் சைக்கிளாகப் பார்த்துக் கொடுத்தார். இன்னொரு நாள் ஒரு டாக்டர் மாட்டினார். காது, மூக்கு, தொண்டை என்று அவர் சொன்னதும், "மூணு பிராஞ்சா? கெட்டிக்காரர் சார் நீங்க" என்று எழுந்து நின்றுவிட்டார்.

அவர் கடையை ஒட்டினாற்போல என் கடை. முதலில் எஸ்.டி.டி. பூத்தாக இருந்தது. பிறகு நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, கம்ப்யூட்டர் சென்டர் என்று பலகையை மாற்றினேன். காலையில் வகுப்பு, மாலையில் இன்டர்நெட். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்கு மெயில் அனுப்ப என்னிடம் வருவார்கள். மலையைச் சுற்ற அவரிடம் போவார்கள். அவர் என்னைக் கூப்பிடுவது "கம்ப்யூட்டர் சார்". நான் அவரை "அண்ணே". வயதில் அவர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனால் ஊரே அண்ணன் என்று சொல்லும்போது எனக்கு மட்டும் எதற்கு வம்பு.

அவருடைய கணிப்புக்கு ஆதாரம் இந்த வெளிநாட்டுக்காரர்கள்தான். "வேல எங்கருந்து சார் வருது? ஃபாரின்லருந்து. அப்போ ஃபாரின்காரனத்தானே கேக்கணும்?" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

விசாரணை நடக்கும் விதம் இப்படி. வெள்ளைக்காரர் சைக்கிள் மேல் உட்காருவார். கால் தரையில் மடங்கும். சீட்டை உயர்த்த வேண்டும். பிராஞ்ச் அண்ணன் ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டிக்கொண்டு, "யூ... ஜாப்... வாட் பிராஞ்ச்?" என்று ஆரம்பிப்பார். பதில் வரும்வரை ஸ்பேனர் போல்ட்டை விட்டு வராது. தான் யார் என்று தெரிந்துகொள்ளக் கடல் தாண்டி வந்தவர்களெல்லாம், தான் என்ன பிராஞ்ச் என்று சொல்ல முடியாமல் அவர் கடை வாசலில் விழித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஜெர்மன்காரர் ரொட்டி சுடுவது தன் தொழில் என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆலோசனை கேட்க வந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் வியாபாரியிடம், "பையன ஃபுட் டெக்னாலஜில போடுங்க. ஜெர்மனில ரொட்டிக்கு ஆள் கம்மியாம்" என்று அடித்துச் சொன்னார் அண்ணன். பையனும் சேர்ந்தான். இப்போது போலீஸில் இருக்கிறான்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆனபோது ஒரு மாற்றம் வந்தது. அதற்கு முன் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு நாள், மூன்று நாள் என்றுதான் சைக்கிள் எடுப்பார்கள். இப்போது மாதக் கணக்கில் எடுக்க ஆரம்பித்தார்கள். அதிலும் அமெரிக்காக்காரர்கள் ஜாஸ்தி. கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்றார்கள். பிராஞ்ச் அண்ணன் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்.

"ரெண்டு நாளுக்கு சைக்கிள் எடுக்கறவனுக்கு வேல கீது. மாசக்கணக்கா எடுக்கறவனுக்கு வேல இல்ல. மாசக்கணக்கா எடுக்கறவன் எல்லாம் கம்ப்யூட்டர். அப்போ இன்னா அர்த்தம்? கம்ப்யூட்டர் முடிஞ்சிச்சி."

அந்த வருடம் நாடு முழுக்கக் கம்ப்யூட்டர் படிப்புக்குக் கொஞ்சம் மவுசு குறைந்திருந்தது என்னவோ உண்மை. ஆனால் செங்கம் ரோட்டில் அது குறையவில்லை, ஒரே வாரத்தில் செத்தே போனது. என் காலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள். நான் போய்ச் சண்டை போட்டேன்.

"அண்ணே, என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க."

"சார், உங்க மேல எனக்கு மரியாத கீது. அதுக்காக ஊருப் புள்ளைங்கள கெணத்துல தள்ள முடியுமா?"

"அப்ப எல்லாரும் என்னதான் படிக்கறது?"

"மெக்கானிக்கல். மெஷினு எங்கயும் போவாது சார். கனமா கீது."

இதைச் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு டீ சொல்லி அனுப்பினார். அவரோடு சண்டை போடுவதில் இருந்த பெரிய சங்கடம் அதுதான். கோபத்தை முழுசாக முடிப்பதற்குள் டீ வந்துவிடும்.

காலை வகுப்பில் கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு பெண். அவர் மகள் கலைவாணி. அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிப்பேன் என்று உறுதியாக இருந்தாள். "நைனா சொல்றத நம்பாதீங்க சார். அவர் சொன்னா நேர்மாறாத்தான் நடக்கும். கம்ப்யூட்டர் முடிஞ்சிச்சின்னு அவர் சொன்ன பிறகுதான் எனக்கு தைரியமே வந்துச்சி" என்பாள். அவரோ மகளுக்கு மெக்கானிக்கல் என்று ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

மாசி மாதம் ஒரு காலையில் டேவ் வந்தார். அமெரிக்காக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. பனைமர உயரம். விசா முடிகிறவரை தங்கப் போகிறேன், அதுவரை ஒரு சைக்கிள் வேண்டும் என்றார். பிராஞ்ச் அண்ணன் சீட்டை உயர்த்த உயர்த்த அவர் கால் மடங்கிக்கொண்டே இருந்தது. வழக்கமான கேள்வி வந்தது. கம்ப்யூட்டர் என்று பதில் வந்தது. பிராஞ்ச் அண்ணன் தலையைத் திருப்பி என் கடையைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆனால் டேவ் அதோடு நிறுத்தவில்லை. மேலே ஏதோ சொன்னார். அண்ணனுக்குப் புரியவில்லை. "சார், கொஞ்சம் வாங்க. இன்னாமோ சென்னைனு சொல்றாரு" என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய் மொழிபெயர்த்தேன்.

டேவ் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். வங்கியின் கணக்குகள் ஓடுகிற புரோகிராம்களைப் பழுது பார்ப்பது வேலை. வாலிப வயதிலிருந்து அதே வேலை. ஒருநாள் அவர் பிரிவு முழுவதையும் சென்னைக்கு மாற்றிவிட்டார்கள். போவதற்கு முன் சென்னையிலிருந்து வந்த ஒரு பையனுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சில வாரங்கள் பக்கத்தில் உட்கார்த்திக் கற்றுக்கொடுத்தார். கடைசி நாளில் அந்தப் பையன், "எங்க ஊர்ப் பக்கம் ஒரு மலை இருக்கு சார். மனசு சரியில்லன்னா அதைச் சுத்தி நடப்போம்" என்று சொன்னானாம். அதான் வந்தேன் என்றார் டேவ்.

"பையன் பேர் இன்னா?" என்றார் அண்ணன்.

குமார் என்றார் டேவ். எங்கள் பக்கத்தில் ஒரு பஸ்ஸை நிறுத்தி குமார் என்று கூப்பிட்டால் பாதி பேர் இறங்குவார்கள்.

பிராஞ்ச் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்போ இவர் வேல காணாம போவல சார். நம்ம ஊருக்கு வந்துகீது."

அதன் பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. அன்று சாயங்காலத்துக்குள் ஊர்க் கணிப்பு தலைகீழானது. மெக்கானிக்கல் ஒழிந்தது. "அமெரிக்காவுல கீற கம்ப்யூட்டர் வேல மொத்தமும் மூட்ட கட்டிக்கினு மெட்ராசுக்கு வருது. பசங்கள ரெடியா வெச்சிக்கங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அடுத்த வாரமே என் வகுப்பில் நாற்காலி போதவில்லை. இரண்டாவது, டேவ் விஷயத்தில் அவருக்குப் பெரிய குற்ற உணர்ச்சி வந்துவிட்டது.

"நம்ம ஊருப் பையன் அவர் சோத்துல கைய வெச்சிட்டான் சார்."

"அண்ணே, அவன் என்ன பண்ணுவான்? கம்பெனி மாத்திச்சி."

"கம்பெனி இங்க வந்து சைக்கிள் எடுக்கப் போவுதா? இவர்தானே வந்துகீறாரு."

யாருக்கும் தராத தன் சொந்த சைக்கிளை டேவுக்குக் கொடுத்தார். கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு. காலை ஆகாரம் இனி அங்கேதான் என்று மனைவி சரோஜாவிடம் சொல்லிவிட்டார். போகிற இடமெல்லாம் கூட்டிப்போய், "இவர் வேலயத்தான் நம்மாளுங்க எடுத்துக்கினாங்க" என்று அறிமுகப்படுத்தினார். டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து அவருக்கு பெஞ்சில் இடம் விட்டார்கள். அடி அண்ணாமலையில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, விஷயத்தைக் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டி, அவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்தாள்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு டேவ் என் கடைக்கு வந்தார். இந்த ஊரில் ஏன் எல்லோரும் தன் வீட்டில் யாரோ செத்துப்போனது மாதிரி தன்னைப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். நான் விவரம் சொன்னேன். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். அந்தக் குமார் தினமும் காலையில் வந்து முதலில் மன்னிப்புக் கேட்பானாம். அவனுக்கு வேலையும் கற்றுக்கொடுத்து, ஆறுதலும் சொல்ல வேண்டியிருந்தது என்றார்.

இந்தக் கதையெல்லாம் கலைவாணி பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்து, நல்ல மார்க்கோடு பாஸ் செய்தாள். ஒருநாள் காலை, டேவ் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்க, நானும் அங்கே இருக்க, அவள் அப்பா பெருமையாக அறிவித்தார்.

"கலை, நீ கேட்ட மாதிரியே கம்ப்யூட்டர். நைனா முடிவு பண்ணிட்டேன்."

"எனக்கு வேணாம் நைனா. நான் சிவில் படிக்கிறேன்."

தோசைக் கரண்டியின் சத்தம் நின்றது.

"மூணு வருஷமா கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு உசுர எடுத்தியே?"

"இவர் ஒரு ஆயுசு பூரா செஞ்ச வேலய நாலு வாரத்துல கத்துக்கிட்டு இங்க தூக்கினு வந்துட்டாங்க. நாளைக்கு இங்கருந்து வேற எங்கனா தூக்கினு போவாங்க. பாலத்த யாரும் தூக்கினு போவ முடியாதில்ல?"

கனமான பொருள் எங்கும் போகாது என்ற தத்துவம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் தடுமாறினார்.

"சிவில்ல ஒரு ஃபாரின்காரன்கூட நம்ம கடைக்கு வந்ததில்லயே கலை."

"அவங்களுக்கெல்லாம் வேல இருக்குது நைனா. அதான் வரல."

தன் சூத்திரத்தைத் தன் மீதே யாராவது போட்டுக் காட்டினால் ஒரு மனிதர் என்ன செய்வார்? எழுந்து போய், காற்று நிறைந்திருந்த ஒரு டயருக்கு இன்னும் காற்றடித்தார். "நீங்க ரெண்டு பேரும் அப்பறமா சண்ட போடுங்க. அந்தாளுக்குத் தோச ஆறுது" என்றாள் சரோஜா.

இன்ஜினியரிங் சீட்டுக்கான கவுன்சிலிங் சென்னையில், பல்கலைக்கழக வளாகத்தில். டேவுக்கு ஊர் திரும்பும் நேரம். அவரும் எங்களோடு வந்தார். கடைசி நிமிடத்திலாவது அவரைக் காட்டி மகளின் மனதை மாற்றலாம் என்று அண்ணன் நினைத்திருந்தார். மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அந்த வளாகத்தில் தமிழ்நாடே மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. கட்டுச்சோறு, பைல், தண்ணீர் பாட்டில், முகத்தில் பயம். நடுவில் ஒரு வெள்ளைக்காரர் வந்து உட்கார்ந்ததும், அமெரிக்காவிலிருந்து ஆலோசனை சொல்ல ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள் என்று எப்படியோ கிளம்பிவிட்டது. வரிசை கட்டிவிட்டார்கள். சேலத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார் மகனை முன்னால் தள்ளி, "ஐ.டி.யா, இ.சி.இ.யா, எது நிக்கும்னு சார கேட்டுச் சொல்லுங்க" என்றார் என்னிடம்.

உனக்கு என்ன பிடிக்கும் என்று பையனிடம் கேட்கச் சொன்னார் டேவ். கேட்டேன். பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பையனைப் பார்த்தாள். "கலந்து பேசிட்டு வர்றோம் சார்" என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் தள்ளிப்போய் நின்றார்கள். திரும்பி வரவேயில்லை.

உள்ளே மகளும் தகப்பனும் மட்டும்தான் போகலாம். அங்கே நடந்ததைக் கலைவாணி பிறகு சொன்னாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அதிகாரி, "எந்த பிராஞ்ச்மா?" என்று கேட்டாராம். "கம்ப்யூட்டர்" என்று அப்பாவும் "சிவில்" என்று மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்களாம். அதிகாரி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "யாருங்க படிக்கப் போறது?" என்றாராம். திரையில், அவள் மார்க்குக்கு நல்ல கல்லூரியிலேயே கம்ப்யூட்டர் இடம் காலியாகத் தெரிந்துகொண்டிருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவதான். அவ சொல்றதயே போடுங்க சார்" என்றாராம்.

வெளியே வந்தவரை மரத்தடிக் கூட்டம் பிடித்துக்கொண்டது. என்ன எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். "சிவில். பாலத்த எவனும் தூக்கினு போவ முடியாது" என்றார், தான் பிறந்ததிலிருந்து அதையே சொல்லிவருவதுபோல. அதைக் கேட்டுச் சில குடும்பங்கள் மறுபடி பைலைத் திறந்தன.

டேவை அங்கேயே வழியனுப்பினோம். பிராஞ்ச் அண்ணன் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "சாரி" என்றார். குமாரை மன்னித்த மாதிரியே உங்களையும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லச் சொன்னார் டேவ். நான் சொன்னேன். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் மகள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பஸ் திண்டிவனம் தாண்டியது. பிறகு, "சார், புள்ள வாழ்க்கைல விளையாடிட்டனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கும் தெரியாது.

நாலு வருடம் ஓடியது. கலைவாணி கடைசி வருடம் படிக்கும்போது சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் கல்லூரி கல்லூரியாக வந்து, கட்டிடம் படித்தவன், இயந்திரம் படித்தவன், துணி படித்தவன் என்று பார்க்காமல் வாரிக்கொண்டு போனார்கள். கலைவாணியையும் எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று பிராஞ்ச் அண்ணன் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"இன்னா பிராஞ்ச்னு கேக்கவே இல்லயாம் சார். கணக்கு குடுத்தாங்களாம், இங்கிலீஷ்ல பேசச் சொன்னாங்களாம், எடுத்துக்கினாங்களாம்."

"நல்லதுதானே அண்ணே."

"அப்போ இத்தினி வருசம் நான் இன்னாத்துக்கு சார் கேட்டுக்கினு கீறேன்?"

அன்றைக்கு டீயை நான்தான் சொன்னேன்.

தெருவே வாழ்த்த வந்தது. ஆனால் கலைவாணி அந்த வேலைக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டாள். பாலம் கட்டும் ஒரு வேலூர் கான்ட்ராக்டரிடம் சேரப் போவதாகச் சொன்னாள். சம்பளம் பாதிகூடக் கிடையாது. வாழ்த்த வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தார்கள். அடி அண்ணாமலையிலிருந்து வந்த சரோஜாவின் அண்ணன், "பொண்ணுதான் புரியாம பேசுதுன்னா, நீ இன்னா மச்சான் பாத்துக்கினு கீற?" என்று கோபப்பட்டார்.

காற்றடிக்கிற பக்கமெல்லாம் சாய்ந்த மனிதர், அன்று எந்தப் பக்கம் சாய்வாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் அன்னிக்கு கம்ப்யூட்டர்னேன். அவ சிவில்னா. நாலு வருசம் படிச்சா. இப்போ திரும்பவும் நான் சொல்றதயே செய்யணும்னா, நாலு வருசம் அவ படிச்சது இன்னாத்துக்கு மச்சான்?" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடினார்கள். அடுத்த ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று சரோஜா சொன்னாள்.

சில மாதம் கழித்து என்னையும் அழைத்துக்கொண்டு மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கப் போனார். போளூர் பக்கம் ஓர் ஓடைக்குக் குறுக்கே சின்னப் பாலம். கலைவாணி தலையில் தொப்பியும் கையில் டேப்பும் வைத்துக்கொண்டு ஒரு மேஸ்திரியிடம், "கம்பி கம்மியா இருக்குது. பிரிச்சிட்டு மறுபடி கட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி முணுமுணுத்தபடி பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கிட்டே போகவில்லை. முடிந்திருந்த பக்கத்தில் நடந்து போய், நடுவில் நின்று, காலால் உதைத்துப் பார்த்தார். வெயிலில் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகு அவர் கணிப்பதை விட்டுவிட்டார் என்று நீங்கள் நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது. என் மகன் பிளஸ் டூ முடித்தபோது எலக்ட்ரானிக்ஸ் என்று நாங்கள் வீட்டில் பேசி முடித்துவிட்டோம். "எதுக்கும் அண்ணன ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

"அவர் சொல்றது எதுவும் நடக்காதே."

"நடக்காட்டி இன்னா? கேக்கலன்னா மனசு கஷ்டப்படுவாரு."

பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வாரம் அவருக்கு ஓர் இத்தாலிக்காரர் கிடைத்திருந்தார் போல. கண்ணை மூடி யோசித்துவிட்டு, "டெக்ஸ்டைல் சார். யோசிக்காம போடுங்க" என்றார். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்து எலக்ட்ரானிக்ஸில் சேர்த்தோம்.

மகன் லீவுக்கு வரும்போதெல்லாம் அண்ணன் சைக்கிளைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, "டெக்ஸ்டைல் எப்பிடி போவுது தம்பி?" என்று கேட்பார்.

"நல்லா போவுது பெரிப்பா" என்பான் என் மகன். அப்படிப் பதில் சொல்ல எங்கள் வீட்டில் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.